பாவித்த அலுவலகக் கணினியில் கேமும் டிசைனும்: எந்தச் சாமானை முதலில் வாங்குவது?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ குறைந்த காசில் கணினி தேடுகிறவருக்குக் கடையில் காட்டப்படுவது பெரும்பாலும் அலுவலகங்கள் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள்தான். உறுதியான சாமான்கள். கலியாண அல்பம் செய்யலாம், பனர் வடிவமைக்கலாம், பிள்ளைகள் கேமும் விளையாடலாம். ஆனால் ஒரு கிராபிக்ஸ் காட்டை வாங்கிவந்து பூட்டினால் எல்லாம் சரி என்று தொடங்கினால் காசு வீண். எல்லோரும் முதலில் தேடுவது காட்டைத்தான். உண்மையில் கடைசியாகத் தெரிவுசெய்ய வேண்டியது அது. பவர் சப்ளையும் கேசிங்கும் எதற்கு இடம் கொடுக்கின்றன என்பதே முதல் கேள்வி.

படி 1: கையில் இருப்பது என்ன?

ஒன்றும் வாங்குவதற்கு முன் மூன்று விடயங்களை எழுதி வையுங்கள்: புரொசசரின் முழுப் பெயர், கேசிங்கின் வடிவம், பவர் சப்ளையின் வாட் அளவு. டெல் என்றால் கேசிங்கில் ஒட்டியிருக்கும் ஏழு எழுத்துச் சேவிஸ் ராக்கை டெல் இணையத்தளத்தில் போட்டால், தொழிற்சாலையில் என்னென்ன பூட்டி அனுப்பினார்கள் என்று தெரியும். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் மூடியைக் கழற்றி ஒருமுறை பாருங்கள். உள்ளே இரண்டு மூன்று படம் எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் குறையும்.

புரொசசர் ஐ5-6500 என்றால் 6ஆம் தலைமுறை, ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை. இந்த எண் முக்கியம். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐ மைக்ரோசொஃப்ட் பொதுவாக 8ஆம் தலைமுறை இன்டெலிலிருந்துதான் ஏற்கிறது. 7ஆம் தலைமுறையில் சுற்றுவழியில் ஏற்றிவிடலாம். ஆனால் விண்டோஸ் 11 இல் வலொரன்ட் போன்ற கேம்கள் ரிபிஎம் 2.0, செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் கேட்கும். ஐ5-7500 இல் நான்கு கோர், ஐ5-8500 இல் ஆறு. இன்னும் கணினியே வாங்கவில்லை என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள்.

பழைய மதர்போட்டில் (சுருக்கமாகப் போட்) புரொசசரை மட்டும் மாற்றலாமா? ஐ5-6500 இருந்த இடத்தில் ஐ7-6700 பூட்டலாம். பயோசை (போட்டின் தொடக்க மென்பொருளை) புதுப்பித்தால் பல போட்டுகள் ஐ7-7700 ஐயும் ஏற்கும். 8ஆம் தலைமுறை மட்டும் ஏறாது. சொக்கற் ஒன்றுபோலவே இருக்கும், புரொசசரும் உள்ளே உட்காரும், கணினி எழும்பாது. அதற்கு 300 வரிசைச் சிப்செற் உள்ள போட் வேண்டும்.

படி 2: பவர் சப்ளைக் கணக்கு

இந்த அலுவலகக் கணினிகளில் பவர் சப்ளை பெரும்பாலும் 180 இலிருந்து 260 வாட்டுக்குள்தான் இருக்கும். கிராபிக்ஸ் காட்டுக்குத் தனி 6 முள் வயர் அநேகமாக இராது. ஆகவே காட்டுக்குக் கிடைப்பது போட்டின் பெரிய பிசிஐ ஸ்லொட் கொடுக்கும் 75 வாட் மட்டும். சில பழைய ஒடுக்கமான மொடல்களில் அதுவும் குறைவு, கையேட்டைப் பாருங்கள். கணக்கு இப்படி வரும்: புரொசசர் 65 வாட், காட் 75 வாட், போட், ராம், டிஸ்க், விசிறி எல்லாம் சேர்த்து 40 வாட். மொத்தம் 180. 200 வாட்டில் ஓடும், ஆனால் மூச்சு முட்டித்தான் ஓடும். 240 அல்லது 260 இருந்தால் ஆறுதல்.

“சாட்டா வயரிலிருந்து 6 முள் எடுக்க ஒரு கொன்வேட்டர் இருக்கு, மலிவு” என்று யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். 6 முள் காட் அந்த வயரில் 75 வாட் வரை இழுக்கலாம். சாட்டா கொனெக்டரின் 12 வோல்ட் பகுதி தாங்குவது 4.5 அம்பியர், அதாவது 54 வாட். மீதி பிளாஸ்டிக்கை உருக்கும். கேம் தொடங்கிச் சில நிமிடங்களில் கருகிய மணம் வருவது இதனால்தான்.

பவர் சப்ளையையே மாற்றலாமா? ஒடுக்கமான எஸ்எஃப்எஃப் கேசிங்கில் சாதாரண அளவு உள்ளே போகாது. டவர் கேசிங்கில் இடம் இருந்தாலும் பல டெல், எச்பி போட்டுகளில் வழமையான 24 முள் பவர் கொனெக்டர் இல்லை. அந்த மொடலுக்கென்ற மாற்று வயர் வேண்டும். வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அடித்திருக்கும் “500 வாட்” என்பதை நம்பாமல் பக்கத்து லேபலில் +12V என்ற வரியைத் தேடுங்கள். அதில் 18A என்றிருந்தால் 12 ஆல் பெருக்கினால் 216 வாட். உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். மலிவான கேசிங்கோடு இலவசமாக வருகிறவை பல இந்த இனம்.

படி 3: எஸ்எஸ்டி, பிறகு ராம்

சுழலும் ஹாட்டிஸ்கில் விண்டோஸ் ஓடுகிறதென்றால் முதல் செலவு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்). வேறெந்தச் சாமானும் இந்தளவு வித்தியாசம் காட்டாது. 240 ஜிபி விண்டோசுக்கும் இரண்டு கேமுக்கும் முடிந்துவிடும். 500 ஜிபி எடுங்கள். பழைய ஹாட்டிஸ்கைக் கழற்றி எறியாமல் முடிந்த அல்பங்களைச் சேமிக்க வைத்துக்கொள்ளலாம். போட்டில் எம்.2 ஸ்லொட் (எஸ்எஸ்டியை நேரே செருகும் இடம்) இருந்தால் அது வேகமான என்விஎம்ஈயா, வெறும் சாட்டாவா என்று மொடல் எண்ணை வைத்துப் பாருங்கள், இரண்டும் வெளியில் ஒரே மாதிரி இருக்கும். எம்.2 ஐ இறுக்கும் சின்னஞ்சிறு ஆணி பாவித்த கணினிகளில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். எஸ்எஸ்டி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்த ஆணிக்காக இன்னொரு நாள் மினக்கெட வேண்டும்.

ராம் எவ்வளவு என்பதை வேலை சொல்லும். 12 × 36 அங்குல அல்பப் பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 3600 × 10800 பிக்சல். ஒரு முழு லேயர் மட்டுமே ஏறத்தாழ 117 மெகாபைட். பத்து லேயர், அதன் மேல் ஃபொட்டோஷொப் வைத்திருக்கும் பின்செல்லும் பதிவுகள் என்று சேர்ந்தால் 8 ஜிபி திணறும். 16 ஜிபி அடிப்படை. வீடியோ எடிற்றிங்கும் உண்டென்றால் 32. (இன்னொன்று: பத்தடிப் பனரை 300 டிபிஐயில் வடிவமைத்துவிட்டுக் கணினி இழுபடுகிறது என்பவர்கள் முதலில் அந்த எண்ணைக் குறைக்கட்டும். தூரத்திலிருந்து பார்க்கும் பனருக்கு 72 முதல் 100 வரை போதும். இதற்குச் செலவு சதமும் இல்லை.)

16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல் 8 + 8 ஆக இரண்டு சனலில் போடுங்கள். தனிக் காட் இல்லாமல் புரொசசரின் உள்ளமைந்த கிராபிக்சில் ஓட்டுகிறவர்களுக்கு இதன் பலன் கேமில் உடனே தெரியும். 3200 வேக ராம் என்று கூடக் காசு கொடுக்க வேண்டாம். ஐ5-8500 இல் அது 2666 இல்தான் ஓடும். இன்னொரு பொறி: சேவரில் கழற்றிய ராம் மலிவாக வரும். லேபலில் PC4-2400T-R என்பதுபோல் R வந்தால் அது சேவர் ராம், இந்தப் போட்டுகளில் வேலை செய்யாது. U என்று இருக்க வேண்டும். 2025 இன் கடைசி மாதங்களிலிருந்து உலகச் சந்தையில் ராம் விலை கடுமையாக ஏறியதால் பாவித்த டிடிஆர்4 துண்டுகளைத் தேடுவது நியாயமே. கடையிலேயே பூட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

படி 4: இப்போது காட்

75 வாட்டுக்குள், தனி வயர் கேட்காதவை என்று வடிகட்டினால் மிஞ்சுவது சிலதான்.

ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகை 70 வாட். டிசைனும் கேமும் இரண்டும் வேண்டுமென்றால் எமது முதல் தெரிவு இது. அதே பெயரில் 8 ஜிபி வகை ஒன்றும் உண்டு. பெரும்பாலும் 130 வாட், தனி வயர் கேட்கும். “ரெண்டும் 3050 தான்” என்று கடைக்காரர் சொன்னால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி, 75 வாட். பாவித்தது கிடைத்தால் நல்லது. சில நிறுவனங்கள் இதிலும் 6 முள் வைத்திருக்கின்றன, படத்தில் மேல் விளிம்பைக் கவனியுங்கள்.

ஆர்எக்ஸ் 6400, 53 வாட் மட்டும். மின்சாரத்தில் சிக்கனம், ஆனால் வீடியோவை என்கோட் செய்யும் பகுதி அதில் கிடையாது. ஸ்லொட்டின் நான்கு லேன் (தரவுப் பாதை) மட்டும் பாவிப்பதால் பிசிஐ 3.0 போட்டில் வேகமும் குறையும். 8ஆம் தலைமுறை 3.0 தான். வெறும் கேமுக்கு, வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐயை இனி வாங்குவதில் பயனில்லை. என்விடியா அந்தத் தலைமுறைக்கான கேம் டிரைவர்களை 2025 ஒக்டோபருடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை. அந்தப் பெயரில் போலிகளும் உலாவுகின்றன. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் பல போலிகளின் பெயருக்கு முன்னால் FAKE என்று காட்டும்.

எஸ்எஃப்எஃப் கேசிங் என்றால் அரை உயரக் காட்டும் அதன் குட்டித் தகடும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். டவர் என்றால் ஸ்லொட்டிலிருந்து டிஸ்க் கூடு வரை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். மொனிற்றரில் விஜிஏ மட்டும் இருந்தால் புதிய காட்டுக்கு மாற்றியும் தேவை. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து கூரியரில் எடுப்பிக்கிறவர்கள் பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும்போது உதவும்.

படி 5: கரண்டும் தூசியும்

650 விஏ யூபிஎஸ் இந்த அளவுக் கணினிக்குப் போதும். அது தருவது ஃபைலைச் சேவ் செய்து ஒழுங்காக நிறுத்தும் சில நிமிடங்கள்தான், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். லேசர் பிரின்ரரை அதில் கொழுவக் கூடாது. சூடாகும்போது ஒரேயடியாக இழுப்பதில் யூபிஎஸ் விழுந்துவிடும், கணினியும் கூடவே. ஐப்பசி இடிமுழக்கத்துக்கு யூபிஎஸ் காவல் அல்ல. பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றி விடுங்கள். ஏர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று வயரிங் ஆளைக் கொண்டு அளப்பியுங்கள். கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்றால் ஏர்த் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சோளகக் காற்றுக்காலத்தில் கிறவல் வீதிக்கு அருகில் உள்ள வீடுகளில் ஹீற்சிங்க் (புரொசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) விரைவில் அடைபடும். கணினியை நிலத்தில் வைக்காமல், மாதம் ஒருமுறை திறந்து தூரிகையால் தட்டுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பாவித்து வந்த கணினி என்றால் புரொசசருக்கும் ஹீற்சிங்குக்கும் இடையில் பூசும் பேஸ்ட்டை ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது, ஒரு பட்டாணி அளவு போதும்.

படி 6: பூட்டுதல், சோதித்தல்

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்தி, கேசிங்கின் இரும்பைத் தொட்ட பிறகு கை வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்ட வேண்டாம். ராமைப் பூட்டி ஓட்டிப் பாருங்கள், பிறகு எஸ்எஸ்டி, பிறகு காட். பிழைத்தால் எது பிழை என்று தெரிய வேண்டுமே.

டெல்லில் விண்டோஸ் ஏற்றும்போது எஸ்எஸ்டி கண்ணில் படவில்லையா? F2 அழுத்திப் பயோசுக்குள் போய் சாட்டா ஒப்பரேஷனை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணினியில் இதைச் சும்மா மாற்றினால் நீலத்திரை வரும். முன்பிருந்தபடி திருப்பினால் எழும்பும்.

காட் பூட்டியும் கேம் பழையபடியே இழுபடுகிறதென்றால் மொனிற்றர் வயரைப் பாருங்கள். அது போட்டில் அல்ல, காட்டில் கொழுவியிருக்க வேண்டும். தொடக்கக்காரர் பாதிப் பேரின் முறைப்பாடு இங்கேயே தீரும்.

கடைசியாக ஃபர்மார்க் என்ற காட் சோதனை மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பக்கத்தில் ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பத்தைக் கவனியுங்கள். பின்னேர வெயில் நேரத்தில் செய்தால்தான் சோதனை. காட் 85 பாகைக்குள் நின்றால் பயமில்லை. புரொசசர் 100 ஐத் தொட்டால் பேஸ்ட்டையும் விசிறியையும் பாருங்கள். திரையில் நிறப்புள்ளிகள் சிதறினால் காட்டின் மெமரி பழுது, உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று நின்று தானாக எழும்பினால், மீண்டும் படி 2.