முன்களத்துக்கு மூன்று பேர்

பெரிய கால்பந்துத் தொடர் வந்தால் நோட்டில் நானே அணி போட்டுப் பார்ப்பேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அமெரிக்கப் பெண்கள் அணியில் முதல் பெயராக அலெக்ஸ் மோர்கனை எழுதினேன். பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸோ அவரை 18 பேரிலேயே சேர்க்கவில்லை! அன்றிலிருந்து பெயரைக் கடைசியில்தான் எழுதுகிறேன்.

முன்களத்தில் கோலடிக்கப் போகும் மூவருக்கும் முதலில் வேலையை எழுதுங்கள். தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் ஓடுவது யார்? கோட்டோரம் நின்று களத்தை அகலமாக்குவது யார்? பந்து பறிபோன நொடியில் விரட்டுவது யார்?

பழைய கோல் கணக்கை விடுங்கள், கடைசி ஐந்தாறு ஆட்டம் போதும். காலில் பந்து இல்லாதபோது, நீங்கள் யோசிக்கும் வீராங்கனையை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். டிவியில் கஷ்டம்தான், கேமரா பந்தையே துரத்தும்.

மாற்று ஆளும் வேண்டும். அதே ஒலிம்பிக் அணியில் கேட்டரீனா மகாரியோ காயத்தால் விலக, லின் வில்லியம்ஸ் உள்ளே வந்தார்.

கடைசியாக, மூவருக்குள் புரிதல் உண்டா? பிரேசிலுடனான இறுதிப்போட்டி, 57ஆவது நிமிடம். கோர்பின் ஆல்பர்ட் தந்த பாஸை, ஆஃப்சைடில் (பந்தைத் தொட்டால் விதிமீறலாகும் இடத்தில்) நின்ற சோஃபியா ஸ்மித் தொடாமல் விட்டார். பின்னாலிருந்து ஓடிவந்த மேலரி ஸ்வான்சன் அடித்தார். 1-0, தங்கம். அந்தத் தொடாத கால் எந்தக் கணக்கிலும் வராது.