புளியங்கொட்டையை அடுக்கி வியூகம் பார்ப்பது

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் கால்பந்து பார்க்கப் போனால் என் பையில் 20 புளியங்கொட்டை இருக்கும். கோல்கீப்பர் கணக்கில் வராததால் அணிக்குப் பத்து. ஒரு அணிக்கு மட்டும் தாயக்கட்டைக்குத் தேய்ப்பது போல வெள்ளையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

4-4-2க்கு (பின்னால் தடுக்க நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் தாக்க இரண்டு பேர்) எதிரே 4-3-3ஐ அடுக்குங்கள். முதலில் மைதானத்தின் மையத்தை எண்ணுங்கள்: 4-4-2இன் நடு நால்வரில் இருவர் ஓரத்துக்குப் போய்விடுவதால் இங்கே இரண்டு பேர், அங்கே மூன்று. பந்து யாரிடம் தங்கும் என்பது பாதி தெரிந்துவிடும். ஆனால் 2015-16இல் லெஸ்டர் சிட்டி 4-4-2 ஆடித்தான் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்றது. பந்தை எதிரணிக்கு விட்டுவிட்டு, பறித்ததும் முன்கள வீரர் ஜேமி வார்டியை ஓடவிட்டார்கள். அதனால், பந்து கைமாறும் நொடிக்கும் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்.

3-5-2இல் நடு ஐவரில் ஓரத்து ஆட்கள் இருவரும் பின்னால் இறங்கினால் 5-3-2 ஆகிவிடும். அப்புறம் அவர்களுக்கு முன்னால் ஓரம் காலிதான். எங்கள் தெரு அணியில் அந்த இடத்துக்கு ஆளே சிக்காது. சித்திரை வெயிலில் மேலும் கீழும் ஓட யாரால் முடியும்?