நிலநடுக்கமானியின் சொந்த இரைச்சலை அளக்க

தரை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. அதனால் ஒரே ஒரு கருவியை வைத்து அதன் சொந்த இரைச்சலை, அதாவது தரை அசையாவிட்டாலும் கருவியே உண்டாக்கும் பொய்ச் சமிக்ஞையை, பிரித்தறிய முடியாது. ஒரே வகைக் கருவி மூன்றை ஒரே மேடையில் நெருக்கமாக வையுங்கள். மூன்றிலும் பொதுவாகப் பதிவாவது தரையின் அசைவு, ஒத்துப்போகாமல் மிஞ்சுவதுதான் இரைச்சல். 2006இல் நிலநடுக்கவியலாளர் ஸ்லீமனின் குழு வெளியிட்ட முறை இது.

திசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு கருவியின் அளவீட்டு அச்சு மற்றவற்றிலிருந்து 1 டிகிரி திரும்பியிருந்தாலே பக்கவாட்டு அசைவில் சுமார் 1.7 சதவீதம் உள்ளே கசிந்துவிடும். கடல் அலைகளால் தரை அதிரும் 5 முதல் 8 வினாடி அலைவுக்காலப் பகுதியில் இரைச்சல் வரைபடம் மேடாக எழும்பினால், கருவியைக் குறை சொல்லிவிடாதீர்கள். கணக்கிலேயே அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். திசைப் பிழையென்றால் மேடு அமுங்கிவிடும். அப்புறம், கருவிகளைத் தெர்மாகோல் பெட்டியால் மூடி, வெப்பநிலை சீரானபின் நள்ளிரவுப் பதிவை எடுங்கள்.