பிரமிடு முதல் பூமா புங்கு வரை: ஏலியன் கதையை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழங்காலக் கல் கட்டுமானங்களை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள், அல்லது கட்டக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கதைக்கு மவுசு குறைவதே இல்லை. அதை நம்பாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால், "சரி, ஏன் நம்பவில்லை?" என்று யாராவது திருப்பிக் கேட்டால், "அதெல்லாம் கட்டுக்கதைப்பா" என்பதைத் தாண்டிப் பதில் வருவதில்லை. இந்த விவாதத்தில் இரண்டு பக்கத்தாரும் வழக்கமாகச் சறுக்குகிற இடங்கள் சில உண்டு.

முடிந்ததை மட்டும் பார்ப்பது

பெரிய தவறு இதுதான்; மற்றவை எல்லாம் இதற்கு அப்புறம். கிசாவின் பெரிய பிரமிடை வீடியோவில் பார்த்தால் யாருக்குமே தலை சுற்றும். ஏறத்தாழ 23 லட்சம் கற்கள், கட்டியபோது சுமார் 147 மீட்டர் உயரம். ஆனால் ஒரு வேலை எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால், முடிந்த கட்டடத்தைவிடப் பாதியில் கைவிட்டுப் போனவைதான் அதிகம் சொல்லும்.

எகிப்தின் அஸ்வான் கல்குவாரியில் ஒரு கல்தூண் இன்னும் பாறையோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. நீளம் சுமார் 42 மீட்டர். எழுப்பியிருந்தால் எடை 1,000 டன்னைத் தாண்டியிருக்கும். சுற்றிலும் பள்ளம் வெட்டிவிட்டார்கள், அடிப்பக்கம் மட்டும் இன்னும் பாறையை விட்டுப் பிரியவில்லை. அந்தப் பள்ளத்தில் கரண்டியால் தோண்டி எடுத்தது போல வரிசையாகக் குழிவுகள். உளி பட்ட கோடு அல்ல. கிரானைட்டைவிட உறுதியான டோலரைட் என்ற கல்லின் உருண்டைகளால் இடித்து இடித்துப் பொடியாக்கிய தடம். அந்த உருண்டைகளும் அங்கேயே கிடைத்திருக்கின்றன. வேலை நடக்கும்போதே கல்லில் விரிசல் விட்டிருக்கிறது. உடனே விட்டுவிடாமல், அதிலிருந்தே சின்னதாக ஒரு தூணாவது எடுக்கலாமா என்று பார்த்த அடையாளமும் இருக்கிறது. அதுவும் தேறாமல் போகவே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

தஹ்ஷூரில் இருக்கும் வளைந்த பிரமிடும் இதே ரகம். பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தகப்பன் ஸ்னெஃப்ரு கட்டியது. கீழே சுமார் 54 பாகைச் சரிவில் ஏறுகிற சுவர், பாதி உயரத்தில் திடீரென்று 43 பாகைக்கு மடங்குகிறது. கட்டடம் தாங்காது என்று நடுவில் பயந்துபோய் மாற்றியிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அடுத்து அதே அரசன் கட்டிய சிவப்புப் பிரமிடு தொடக்கத்திலிருந்தே 43 பாகைதான். அதற்கு முன்னால் ஜோசர் என்ற அரசனின் படிக்கட்டுப் பிரமிடு, பின்னால் கிசா. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில், பட்டுத் திருந்திய தலைமுறைகளின் வரிசை இது. நட்சத்திரங்களைத் தாண்டி வந்தவனுக்குச் சரிவுக் கோணம் பிடிபடாமல் போயிருக்குமா?

ஈஸ்டர் தீவிலும் அதே கதை. ரானோ ரராகு எரிமலைச் சரிவில் முடிந்ததும் முடியாததுமாக 400 சிலைகள் வரை அப்படியே நிற்கின்றன, கிடக்கின்றன. முகம் மட்டும் செதுக்கியது, முதுகு பாறையில் ஒட்டியது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் மாதிரி உண்டு. செதுக்கிய கல் உளிகளும் கூடவே கிடக்கின்றன.

"அவர்களே எதுவும் எழுதி வைக்கவில்லையே"

எழுதி வைத்திருக்கிறார்கள். 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தலைமையிலான குழு பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றில் இவைதான் மிகப் பழையவை. அதில் மெரெர் என்ற கண்காணிப்பாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. கூஃபு ஆட்சியின் கடைசிக் காலத்தில், நைலின் மறுகரையிலுள்ள தூராவிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கிசாவுக்குக் கொண்டுவந்த வேலை அவருடையது. இன்று எங்கே கல் ஏற்றினோம், இரவு எங்கே தங்கினோம் என்று நாள் வாரியாகப் பதிந்திருக்கிறார். பத்து நாளில் இரண்டு மூன்று நடை. படிக்கப் படிக்கக் கொட்டாவி வரும், அவ்வளவு சாதாரணமான ஆவணம். எனக்குப் பிடித்ததே அந்தச் சாதாரணம்தான்.

இதோடு பிரமிடுக்குத் தெற்கே தொழிலாளர் குடியிருப்பும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது: ரொட்டி சுட்ட இடங்கள், மாட்டெலும்பு, ஆட்டெலும்பு. பக்கத்திலேயே அவர்களுடைய கல்லறைகள். உடைந்து, சிகிச்சைக்குப் பின் கூடிய எலும்புகள் அங்கே கிடைத்தன. மனிதர்கள் தங்கினால் குப்பை சேரும். வந்து போனதாகச் சொல்லப்படும் விருந்தாளிகள் ஒரு திருகாணியைக்கூட விட்டுப்போகவில்லை.

கணக்கைப் பாதியில் நிறுத்துவது

"20 வருடத்தில் 23 லட்சம் கல் என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல். நடக்கிற காரியமா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. வகுத்தல் சரிதான். ஒரு நாளைக்குச் சுமார் 315 கல் வருகிறது; பத்து மணி நேர வேலை என்று வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. இங்கேயே நிறுத்திவிடுவதுதான் கோளாறு. ஒரே குழு எல்லாக் கல்லையும் இழுக்கவில்லையே! 20 பேர் கொண்ட ஒரு குழு நாளைக்கு இரண்டு கல் கொண்டுவந்தால், 160 குழு போதும். இழுக்க 3,200 ஆள். வெட்ட, அடுக்க, சமைக்க ஆட்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் அரசால் திரட்ட முடியாத கூட்டம் அல்ல. பெரும்பாலான கற்கள் தொலைவிலிருந்து வரவும் இல்லை, கிசா மேட்டிலேயே வெட்டியவை.

இதன் தம்பி, "இன்றைய கிரேனாலேயே தூக்க முடியாது" என்ற வாதம். தூக்கினார்கள் என்று யார் சொன்னது? இழுத்தார்கள். ரஷ்யாவில் 1770 வாக்கில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் குதிரைச் சிலைக்குப் பீடமாக 1,200 டன்னுக்கு மேற்பட்ட பாறை ஒன்றை நிலத்தில் சுமார் 6 கிலோமீட்டர் நகர்த்தினார்கள். நீராவி இயந்திரம் இல்லை, மாடு குதிரைகூட இல்லை. உறைந்த தரை, வெண்கல உருண்டைகள், வடம் சுற்றும் உருளைகள், சில நூறு ஆட்கள், மாதக்கணக்கில் பொறுமை. லெபனானின் பால்பெக்கில் எல்லோரும் வாய் பிளக்கும் மூன்று கற்கள் ஒவ்வொன்றும் 800 டன் அளவு, ரோமானியர் காலத்தவை. அதைவிடப் பெரியவை குவாரியை விட்டு நகரவே இல்லை.

கல்லின் பெயரைச் சரிபார்க்காமல் விடுவது

பொலிவியாவில் இருக்கும் பூமா புங்கு இடிபாடுகளைப் பற்றிய வீடியோக்களில் "வைரம் போலக் கடினமான டயோரைட் கல்லை லேசரால் அறுத்திருக்கிறார்கள்" என்று வரும். அங்குள்ள பெரிய பலகைகள் சிவப்பு மணற்கல். நுணுக்கமான சிறிய துண்டுகள் ஆண்டிசைட் என்ற எரிமலைக்கல். காலம் கி.பி. 6ஆம் நூற்றாண்டு வாக்கில். அடிப்படைத் தகவலிலேயே கோட்டை விட்ட ஒருவரிடம் லேசரைப் பற்றி விவாதம் செய்வது வீண்.

எண்களோடு விளையாடுவது

இது கொஞ்சம் சுவாரசியமானது. ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். பெரிய பிரமிடு இருக்கும் அட்சரேகை 29.9792 பாகை வடக்கு. கேட்டதும் சிலிர்க்கும். ஆனால் மீட்டர் என்ற அளவு 1790களில் பிரான்சில் பிறந்தது. பிரமிடின் அடித்தளம் 230 மீட்டர் அகலம். அட்சரேகையில் நான்காவது தசம இடம் என்பது சுமார் 11 மீட்டர். ஆக, பிரமிடுக்குள்ளேயே இருபது வெவ்வேறு எண்கள் அடங்கும், நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட இவ்வளவு சௌகரியமான இடம் வேறு கிடைக்காது.

படங்களிலும் இதே வேலை நடக்கும். எகிப்தின் அபிடோஸ் கோயிலில் "ஹெலிகாப்டர்" என்று காட்டப்படும் செதுக்கல், முதலாம் சேத்தி என்ற அரசனின் பெயரைப் பூசி மறைத்து அதன்மேல் இரண்டாம் ராம்சேஸின் பட்டங்களைச் செதுக்கியதில், பின்னாளில் பூச்சு உதிர்ந்து இரண்டும் கலந்து தெரியும் எழுத்துக் குவியல். அக்கம்பக்கத்து எழுத்துகளையும் சேர்த்துக் காட்டும் படத்தைக் கேளுங்கள், விமானப்படை கலைந்துவிடும்.

மறுப்பவர்கள் செய்யும் தவறுகள்

"அடிமைகளைச் சாட்டையால் அடித்துக் கட்டினார்கள்" என்று பதில் சொல்வது முதலாவது. கிசாவில் கிடைத்த குடியிருப்பும், அரசன் பிரமிடுக்குப் பக்கத்திலேயே அமைந்த கல்லறைகளும் அந்தச் சித்திரத்தோடு ஒட்டவில்லை.

இரண்டாவது, எதிராளியை இனவெறியர் என்று எடுத்த எடுப்பில் சாடுவது. இந்த வகைக் கதைகளுக்கு அசிங்கமான சொந்தபந்தம் உண்டு, மறுக்கவில்லை. பெரும் ஜிம்பாப்வே கோட்டையை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியாது என்று காலனிய ஆட்சி பல காலம் சாதித்தது. ஆப்பிரிக்கர்கள் கட்டியதுதான் என்று 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் அகழாய்வு செய்து காட்டிய பிறகும் விடவில்லை. ஆனால் வீடியோ பார்த்து வியந்துபோய் உங்களிடம் கேட்கிறவருக்கு இந்த வரலாறு தெரியாது. அவரிடம் மெரெரின் நாட்குறிப்பைச் சொன்னால் காது கொடுப்பார். திட்டினால் எழுந்து போய்விடுவார்.

மூன்றாவது, எல்லாம் தெரியும் என்று அளப்பது. பெரிய பிரமிடில் கல்லை மேலே ஏற்றிய சாய்தளம் எந்த வடிவில் இருந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. மெரெரும் அதைச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் நடுவிலுள்ள 6 டன் பீடக்கல் வேல்ஸிலிருந்து வந்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2024இல் அதன் தாதுத் துகள்களின் வயதை ஆராய்ந்து, அது வடகிழக்கு ஸ்காட்லாந்துக் கல் என்று அறிவித்தார்கள். குறைந்தது 750 கிலோமீட்டர் தூரம். கடல் வழியா, தரை வழியா என்று இப்போது வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.