அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ்: திறப்பதிலிருந்து எர்த் சோதனை வரை

சத்தம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கிவிடுகிறோம். கேபினட்டைத் தொட்டால் ஷாக் அடிக்குமா என்று பார்க்காத சர்வீஸ் பாதி சர்வீஸ்தான். அந்த மீதிப் பாதியையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பாகம் வாங்கி, உள்ளூரில் அசெம்பிள் செய்த ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 24-0-24 டிரான்ஸ்பார்மர் (நடு ஒயரின் இரு பக்கமும் 24 வோல்ட் ஏசி தருவது), 5200, 1943 என்ற நம்பர் கொண்ட பவர் டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு, தகர கேபினட். வால்வு ஆம்ப்பையும் எஸ்எம்பிஎஸ் (பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக வரும் ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை) உள்ள ஆம்ப்பையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அவற்றுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும்.

1. கண்டென்சரின் சார்ஜை இறக்குங்கள்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை ஆஃப் செய்தது மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்களில் சார்ஜ் இருக்கும். 24 வோல்ட் ஏசி, பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கும் நான்கு டயோடு) தாண்டியதும் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 34 வோல்ட் டிசி ஆகிறது. ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து இறக்காதீர்கள். பொறி பறந்து கண்டென்சர் காலும் போர்டும் கெடும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு காலிலும் இன்சுலேஷன் உள்ள ஒயர் வைத்து, ஒவ்வொரு கண்டென்சரின் குறுக்கேயும் அரை நிமிடம் பிடியுங்கள். 4,700 மைக்ரோஃபாரட் என்றால் அதற்குள் இறங்கிவிடும். இருந்தாலும் மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

2. கண்ணால் பாருங்கள்

தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள். தலை உப்பிய கண்டென்சர், கருகிய ரெசிஸ்டர், கனெக்டர் காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் விட்ட சால்டரிங், இந்த மூன்றிலேயே பல பழுதுகள் அகப்படும். வால்யூம் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து இருபது தடவை திருகுங்கள்.

3. பவர் டிரான்சிஸ்டர்

மீட்டரை டயோடு ரேஞ்சில் வைத்து, எழுத்துள்ள முகம் உங்களைப் பார்த்திருக்க, நடுக்காலுக்கும் (கலெக்டர்) வலது காலுக்கும் (எமிட்டர்) இடையே பாருங்கள். பீப் அடித்தால் டிரான்சிஸ்டர் ஷார்ட். மாற்றும்போது 5200, 1943 இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். இவற்றின் முதுகில் உள்ள உலோகம் கலெக்டர்தான். அதனால் அதற்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) நடுவே மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) கட்டாயம். ஹீட் சிங்க் பேஸ்ட்டை மெல்லிய பூச்சாகத் தடவி முடுக்கிய பிறகு, நடுக்காலுக்கும் ஹீட் சிங்க்குக்கும் பீப் அடிக்கக் கூடாது.

4. சீரிஸ் பல்பு

ஃபேஸ் ஒயரில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகச் சேருங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்பீக்கரை மாட்டாமல், வால்யூமை முழுக்கக் குறைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பிரகாசமாக எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். உடனே ஆஃப் செய்துவிட்டுத் தேடுங்கள். பல்பு காப்பாற்றுவது போர்டை, உங்களை அல்ல. ஷாக் அப்போதும் அடிக்கும்.

5. ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி

பல்பு மங்கிய பிறகு, டிசி மில்லிவோல்ட் ரேஞ்சில் ஸ்பீக்கர் டெர்மினலை அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. இந்த வகை போர்டுகளில் பெரும்பாலும் புரொடெக்‌ஷன் ரிலே (டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்காது. அந்த டிசி நேராக ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருளைத்தான் எரிக்கும். பயாஸ் பிரீசெட் (பாட்டு இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்டை செட் செய்யும் சின்னத் திருகு) இருந்தால், சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு, நேரடியாக மெயின்ஸில் இணைத்துத்தான் செட் செய்ய வேண்டும். 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 45 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். பழகுபவர்களுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

6. எர்த்தும் இன்சுலேஷனும்

தகர கேபினட்டில் இரண்டு பின் ஒயரா? தயங்காமல் மூன்று கோர் ஒயரும் மூன்று பின் பிளக்கும் போடுங்கள். எர்த் ஒயர் சேரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, லக் (ஒயர் முனையில் போடும் வளையம்), பல் வாஷர், நட்டு என்று வரிசையாக முடுக்குங்கள். அந்த ஒயர் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். யாராவது கார்டை இழுத்தால் ஃபேஸ்தான் முதலில் அறுபட வேண்டும், எர்த் அல்ல. ஃபியூஸும் சுவிட்சும் ஃபேஸ் பக்கம் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

பிளக்கின் எர்த் பின்னுக்கும் கேபினட்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அப்புறம் பவர் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாகச் சேர்த்து, அவற்றுக்கும் கேபினட்டுக்கும் 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) சோதியுங்கள். குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். மெக்கர் இல்லையென்றால் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரின் சின்ன பேட்டரி வோல்ட்டேஜில் ஈரம் ஊறிய டிரான்ஸ்பார்மரும் நல்லதாகவே தெரியும்.

எர்த் போட்ட பிறகு கம்ப்யூட்டரை இணைத்தால் ஸ்பீக்கரில் ஹம் என்ற ரீங்காரம் வரலாம். அதற்காக எர்த் பின்னை ஒடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்புட் கிரவுண்டு கேபினட்டில் இரண்டு இடத்தில் தொடுகிறதா என்று தேடி, ஒரே இடத்தில் மட்டும் சேருங்கள்.

எல்லாம் சரியென்றால் முதலில் ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, பாதி வால்யூமில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சூடான நிலையில் டெர்மினல் டிசியை இன்னொரு முறை அளந்துவிட்டு, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பதைக் கேபினட்டின் பின்புறம் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.