பம்பிங் குறைந்தவர் வாக்கிங் போவதில் நடக்கும் தவறுகள்

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'பம்பிங் கம்மி', அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் சக்தி குறைவு என்று வந்தால் போதும், "இனிமே நீங்க அசையவே வேணாம்ப்பா" என்று வீட்டில் சோபாவில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு இது தவறு. 2009-ல் வெளியான ஹெச்.எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில் 2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகள் பங்கேற்றார்கள். உடற்பயிற்சி பாதுகாப்பானது என்று தெரிந்தது. பலன் மிதமானதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், உடற்பயிற்சி இதயப் புரோட்டீனைச் சரிசெய்கிறது என்று எங்கோ படித்துவிட்டு நேரே புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கி வருகிறார்களே, அது சுத்த அபத்தம். இங்கே பேச்சு டப்பாவில் வருவதைப் பற்றி இல்லை. இதயத் தசைச் செல்லுக்குள் உழைத்து உருக்குலைந்த புரோட்டீன்கள் மேல் யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரோட்டீன் ஒட்டிக்கொள்ளும். அந்த அடையாளத்தைப் பார்த்து, புரோட்டியசோம் என்ற பீப்பாய் போன்ற அமைப்பு அவற்றை உள்ளே இழுத்துத் துண்டுதுண்டாக்கும். இதயம் தளர்ந்தால் இந்தத் துப்புரவும் மந்தமாகி, கழிவு தேங்குகிறது. பிரேசில் ஆய்வாளர்கள் 2012-ல், இதயம் பலவீனமான எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டபோது புரோட்டியசோமின் வேலை மீண்டதைப் பார்த்தார்கள். நல்ல சேதிதான், ஆனால் எலியில் நடந்தது. இதை நம்பி மாத்திரையை நிறுத்துபவரை என்னவென்று சொல்ல?

பெரிய தவறு கையில் கட்டியிருக்கும் வாட்ச். 220-லிருந்து வயதைக் கழித்து வரும் நாடித்துடிப்பைத் துரத்திக்கொண்டு மெரினாவில் வேகவேகமாக நடக்கிறார்கள். மெட்டோப்ரோலால், கார்வெடிலால் மாதிரி பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பை மெதுவாக்கும் மாத்திரை) சாப்பிடுபவருக்குத் துடிப்பு அவ்வளவு ஏறவே ஏறாது, ஏற்றப் பார்த்தால் ஆள்தான் களைத்துப்போவார். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, பாட மட்டும் மூச்சு போதவில்லையா, அந்த வேகம் சரி.

கத்திரி வெயிலில் ஒன்பது மணிக்குக் கிளம்புவதும் வேண்டாம். நீர் மாத்திரை (சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை) சாப்பிடுபவருக்கு வியர்வையும் சேர்ந்தால் பிரஷர் இறங்கித் தலைசுற்றும். அதற்குப் பயந்து டாக்டர் சொன்ன தண்ணீர் அளவை மீறிக் குடித்தால் காலில் வீக்கம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் உடம்பில் நீர் தேங்கியிருக்கலாம், அன்று வாக்கிங் இல்லை, டாக்டருக்குப் போன். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள், வீடு வரை நடந்துவிடலாம் என்று பார்க்காதீர்கள்.