பழைய காருக்கு ஜப்பான் இன்ஜின்: காசைக் கரைக்கும் தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய கான்டெஸா, அம்பாசிடர் வைத்திருக்கும் தம்பிகள் நிறையப் பேருக்கு ஜப்பான் இன்ஜின் ஆசை வந்திருக்கிறது. ஆசையில் தப்பில்லை. கான்டெஸாவே இசுசூவின் 1.8 லிட்டர் இன்ஜினோடு விற்ற கார்தான், பிறகு அம்பாசிடருக்கும் அது வந்தது, பிரீமியர் 118என்இ-யில் இருந்தது நிசானின் ஏ12. ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே இடத்தில் பணத்தைத் தொலைப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. கேஸ்கெட் மாற்று, ஆயில் சீல் மாற்று என்பதையெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்வார், அதை விட்டுவிடுகிறேன்.

டாப்பெட் கவரைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பது

டாப்பெட் கவர் என்பது இன்ஜினின் மேல்மூடி, போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் சாமான். யாரும் எதன் மேலும் மாட்டலாம். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளி சக்தியைக் கூட்டும் டர்போவும் அப்படித்தான்.

டோயோட்டாவின் 1ஜேஇசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பெயரின் நடுவே வரும் கோட்டுக்கு முன்னால் இருப்பது இன்ஜின் குடும்பம், பின்னால் வரும் எழுத்துகள்தான் அது எந்த ரகம் என்று சொல்லும். 1ஜேஇசட்-ஜிஇ டர்போ இல்லாதது, 1ஜேஇசட்-ஜிடிஇ கம்பெனியிலேயே டர்போ வைத்தது. இரண்டும் ஆறு சிலிண்டர், 2491 சிசி, தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பிதான். ஆனால் முதலாவதன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது, 10:1-க்குக் குறையாது, டர்போ இன்ஜினுடையது முதலில் 8.5:1, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி-ஐ 1996-இல் வந்த பிறகு 9:1. கம்ப்ரஷன் அதிகமான இன்ஜினில் டர்போவும் சேர்ந்து அழுத்தினால் பிஸ்டன் தாங்காது. ‘பிளாக் நம்பரைப் படி’ என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் அது பாதிதான். பிளாக்கில் பெரும்பாலும் 1ஜேஇசட் என்றும் வரிசை எண்ணும்தான் அடித்திருக்கும், டர்போவா இல்லையா என்று அதில் தெரியாது.

பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். வீட்டு நகையை அடகு வைத்து, பெங்களூரில் ‘ஒரிஜினல் ஜிடிஇ’ என்று சொன்ன இன்ஜினை வாங்கி வந்து கான்டெஸாவில் ஏற்றினார். ஊருக்குள் நன்றாகவே ஓடியது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தியிருக்கிறார், டர்போ முழு அழுத்தம் கொடுத்ததும் இன்ஜின் டொக்கு டொக்கென்று அடித்து, மேலே வருவதற்குள் பின்னால் ஒரே புகை. “என்னண்ணா ஆச்சு, புது டர்போதானே?” என்றுதான் என்னிடம் கேட்டார். பிரித்தால் இரண்டு பிஸ்டனில் ரிங் உட்காரும் இடமே உடைந்திருந்தது. டர்போ இல்லாத ஜிஇ-யின் மேல் எங்கிருந்தோ கழற்றிய டர்போவை மாட்டி விற்றிருக்கிறார்கள். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் பைப்பை, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் ஓட்டை போட்டு வெல்டிங் வைத்திருந்தார்கள், அந்த வெல்டிங்கை வெறும் கண்ணிலேயே பார்த்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, விற்றவர் மேலும்தான், கூடப் போய் நின்றுவிட்டு ஒன்றையும் தொட்டுப் பார்க்காத ‘தெரிந்தவர்கள்’ மேலும்தான்.

அதனால் பணம் கொடுக்கும் முன்பு பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியே சின்ன கேமரா விட்டுப் பாருங்கள். டர்போ இன்ஜினின் பிஸ்டன் தலை பொதுவாகக் குழிந்திருக்கும். டர்போவின் ஆயில் பைப்புகள் கம்பெனி பைப்பா, பட்டறையில் செய்ததா என்று தடவிப் பாருங்கள். கூட வரும் ஈசியூவின், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் 89661 என்று தொடங்கும் பார்ட் நம்பர் இருக்கும், அதை டோயோட்டா பார்ட்ஸ் பட்டியலில் தேடினால் எந்தக் காருக்கு, எந்த இன்ஜினுக்கு என்று வந்துவிடும். மூன்றும் ஒத்துப்போனால் மேலே பேசுங்கள். ‘பிளக்கெல்லாம் கழற்றக் கூடாது’ என்று கடைக்காரர் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுங்கள்.

ஒயரிங்கை வெட்டி எடுப்பது

வெட்ட விடாதீர்கள். ஈசியூ, சென்சார்கள், ஒயரிங் எல்லாம் ஒரே காரிலிருந்து கழற்றியதாக, கனெக்டரோடு முழுசாக வர வேண்டும். முடிந்தால் கியர்பாக்ஸும் அதோடு வரட்டும். தனி இன்ஜின் மலிவாகத் தெரியும், அப்புறம் ஒவ்வொரு சென்சாராகத் தேடி அலையும்போதுதான் உண்மையான விலை தெரியும்.

சம்ப்

ஆயில் தேங்கும் குழி முன்பக்கமா, பின்பக்கமா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே இன்ஜினுக்கே காருக்குக் கார் மாறும், உங்கள் வண்டியின் குறுக்குச் சட்டத்தில் இடித்தால் ஏற்றவே முடியாது.

ஆர்டிஓவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

முடியாது. வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐப் படியுங்கள். அனுமதி முதலில், இன்ஜின் பிறகு. ஆர்சியில் இருக்கும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால் சோதனையிலும் மாட்டுவீர்கள், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் மாட்டுவீர்கள். இன்ஜின் வாங்கிய பில், இறக்குமதிக் காகிதம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பிரேக்

உங்கள் பழைய வண்டியில் இருப்பது நூறு குதிரைத்திறன்கூட இல்லாத இன்ஜினுக்குப் போட்ட பிரேக். ஜிடிஇ தருவது 280 பிஎஸ், குதிரைத்திறன் போன்ற அளவுதான் அது. இன்ஜினுக்கு ஒதுக்கும் பணத்திலேயே பிரேக்குக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள், அதை மாற்றி முடிக்கும் வரை தொப்பூர் இறக்கத்துக்கு வண்டியைக் கொண்டு போகாதீர்கள்.